ஏழு நாள், மூன்று பாஸ்: ஜப்பான் ரயில் பாஸ் எங்களுக்குக் கட்டுப்படியானதா?

“பாஸ் மட்டும் வாங்கிட்டீங்கன்னா போதும் சார், கண்ணை மூடிக்கிட்டு எந்த ரயில்லயும் ஏறலாம்.” எங்கள் ஜப்பான் பயணத்துக்கு ஏற்பாடு செய்து தந்த டிராவல்ஸ்காரர் சொன்னது இது. அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் அவர் சொன்னதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருந்தால், முதல் நாளே டோக்கியோ நிலையத்தில் தண்டம் அழுதிருப்போம். நல்லவேளையாக மச்சான் கூட இருந்தார்.

பயணம் 2024 நவம்பரில். நான், மனைவி, பத்து வயது மகன். மொத்தம் 13 நாள். மனைவியின் அண்ணன் டோக்கியோவில் கணினி வேலையில் இருக்கிறார், வீடு நிஷி-கசாய். எதோகவா வட்டாரத்தில் இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி அது. முதல் நான்கு நாள் அவர் வீட்டில் தங்கி டோக்கியோ பார்ப்பது, ஐந்தாம் நாள் கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, ஒசாகா, பதினோராம் நாள் மறுபடி டோக்கியோ, பதின்மூன்றாம் நாள் விமானம். இதுதான் திட்டம். முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் போகிற பாதைதான்.

இந்தப் பாதைக்கு ஏழு நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்) பாஸ் வாங்கினோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 50,000 யென், மகனுக்கு அரைக்கட்டணம் 25,000. மொத்தம் 1,25,000 யென். அப்போது ஒரு யென் ஏறக்குறைய 55 காசு. ஆக 68,000 ரூபாய்க்கு மேல். இந்தப் பணம் திரும்ப வந்ததா என்பதுதான் நான் ஊருக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கு.

பாஸ் என்பது என்ன என்று ஒரு வார்த்தை. ஜப்பானின் அரசு ரயில்வே 1981-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்காகத் தொடங்கியது. 1987-இல் அரசு ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது ஆறு பயணிகள் ரயில் நிறுவனங்கள் பிறந்தன. ஆறும் இன்றுவரை சேர்ந்தே இந்தப் பாஸை விற்கின்றன. நம் ஊரிலும் வெளிநாட்டவருக்கு ‘இன்ட்ரெயில் பாஸ்’ என்று ஒன்று இருந்தது, 2017-இல் நிறுத்திவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் நிறுத்தவில்லை, விலையை ஏற்றினார்கள். 2023 அக்டோபர் 1-க்கு முன் ஏழு நாள் பாஸ் 29,650 யென். அன்று முதல் 50,000. பதினான்கு நாள் பாஸ் 47,250-இலிருந்து 80,000 ஆனது. இருபத்தோரு நாள் பாஸ் 60,450-இலிருந்து ஒரு லட்சம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் எங்களிடம் “யோசிக்காம வாங்கு” என்றார்கள். எல்லோரும் 2023-க்கு முன் போய் வந்தவர்கள். 29,650-க்கு டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய காசு வந்துவிடும். அந்த அறிவுரை காலாவதியானது எங்களுக்கு உறைக்கவில்லை.

பாஸை யார் வாங்கலாம் என்பதில் மச்சானுக்கு ஒரு மனக்குறை. குறுகிய காலப் பார்வையாளர் என்ற தகுதியில் நாட்டுக்குள் வருபவர்களுக்குத்தான் பாஸ். கடவுச்சீட்டில் அந்த ஒட்டுவில்லை இருக்க வேண்டும். வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ அங்கேயே இருப்பவர்களுக்குக் கிடையாது. “வரி கட்டுறது நானு, சலுகை உங்களுக்கா மாப்ள?” என்று நான்கு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் டிராவல்ஸ்காரர் கையில் கொடுத்தது பாஸ் அல்ல, மாற்றுச்சீட்டு. அதை மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் ஒரு பெரிய நிலையத்தில் கொடுத்துப் பாஸாக மாற்ற வேண்டும். மாற்றும்போது, அடுத்த ஒரு மாதத்துக்குள் எந்த நாளில் தொடங்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். மொத்தப் பயணத்திலும் காசை அதிகம் தீர்மானிக்கும் கேள்வி இந்த ஒன்றுதான். டிராவல்ஸ்காரர் எங்களுக்கு எழுதிக் கொடுத்த நிரலில் ‘முதல் நாள்: விமான நிலையத்தில் பாஸ் மாற்றித் தொடங்கவும்’ என்று இருந்தது. அப்படிச் செய்திருந்தால் எட்டாம் நாள் கியோட்டோவில் கையில் செல்லாத காகிதத்தோடு நின்றிருப்போம். அதற்குப் பிறகு ஹிரோஷிமா போகவும் திரும்பி வரவும் ஆகும் செலவு முழுக்கத் தனி. பாஸ் கணக்கு மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில். இரவு பத்து மணிக்குத் தொடங்கினாலும் அது ஒரு நாள். இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் மாலை டோக்கியோ நிலையத்தில் மாற்றினோம். கவுன்ட்டரில் இருந்த பெண் மூன்று கடவுச்சீட்டுகளையும் புரட்டி, ஒவ்வொன்றிலும் அந்த ஒட்டுவில்லைக்குக் கீழே விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு நாள்காட்டியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நான் ஐந்தாம் நாளைத் தொட்டேன். அவர் விரல் அங்கிருந்து நகர்ந்து பதினோராம் நாளில் நின்றது. “இதுவரைக்கும், சரியா?” என்பதுபோல் ஏறிட்டுப் பார்த்தார். கடைசியாக, தொலைந்தால் மறுபடி தரமாட்டோம் என்ற வரியைக் காட்டித் தலை குனிந்து கொடுத்தார். வழக்கமான ரயில் டிக்கெட் அளவுக்குத்தான் இருக்கிறது. 25,000 யென் காகிதத்தைப் பத்து வயதுப் பையன் கையில் கொடுப்பதா என்று எங்களுக்குள் ஒரு சிறிய வாக்குவாதம். கொடுத்தோம். அதன் பலன் பிறகு வரும்.

நிஷி-கசாயில் தங்கியவரை பாஸால் எந்தப் பயனும் இருந்திருக்காது. அந்த நிலையம் டோக்கியோ மெட்ரோவின் தோசாய் தடத்தில் இருக்கிறது. மெட்ரோ ஜேஆர் கிடையாது. பாஸ் செல்வது முக்கியமாக ஜேஆர் ரயில்களிலும், டோக்கியோ மோனோரயிலிலும், ஜேஆரின் உள்ளூர்ப் பேருந்துகள் சிலவற்றிலும், ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவுப் படகிலும்தான். கியோட்டோவின் நகரப் பேருந்தோ ஹிரோஷிமாவின் டிராமோ அதில் சேராது. நாங்கள் பார்க்க நினைத்த டோக்கியோ முழுக்க மெட்ரோ, நடை, மெட்ரோ என்றே போனது. ஆகவே ஐந்தாம் நாள் தொடங்கியது சரி.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோக்கியோ – ஒசாகா புல்லட் ரயில் தடமான தொக்கைதோ ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் வந்தால், கடைசி வரிசைக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏற்றினால் 1,000 யென். மனைவி தையல் நாடாவால் எங்கள் பெரிய பெட்டியை அளந்தாள். 162. சக்கரத்தைச் சேர்க்காமல் அளந்து பார்த்தாள். சக்கரத்தையும் சேர்க்கத்தான் வேண்டும் என்றார் மச்சான். கடைசியில் தெருமுனைக் கடையில் கொடுத்து, கூரியரில் கியோட்டோ விடுதிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டோம். மறுநாள் அது எங்களுக்கு முன்பே அறை வாசலில் நின்றது.

இனி ஐந்தாம் நாள். டோக்கியோ – கியோட்டோ தடத்தில் மூன்று வகை ரயில்: நொசோமி, ஹிகாரி, கொதாமா. கொதாமா என்றால் எதிரொலி, ஹிகாரி என்றால் ஒளி, நொசோமி என்றால் விருப்பம், நம்பிக்கை. ஒலியை ஒளி முந்தும், ஒளியை மனம் முந்தும். பெயர் வைத்தவருக்கு ஒரு வணக்கம். நொசோமி சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் கியோட்டோ சேரும். ஹிகாரிக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். பிரச்சினை வேகம் அல்ல, எண்ணிக்கை. 2020-இல் வந்த அட்டவணைப்படி நெரிசல் நேரத்தில் மணிக்குப் பன்னிரண்டு நொசோமி வரை கிளம்பும், ஹிகாரி இரண்டுதான். பாஸில் ஹிகாரி இலவசம். நொசோமியில் ஏற வேண்டுமானால், 2023 விலையேற்றத்தோடு கொண்டுவந்த தனிச்சீட்டு வாங்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அது 4,960 யென், ஹிரோஷிமாவுக்கு 6,500. அதற்கு முன் பாஸில் நொசோமிக்கு இடமே இல்லை. தனிச்சீட்டு இல்லாமல் ஏறினால் பாஸ் இருந்தும் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘முதலில் ஏறு, டிடிஇயிடம் பேசிக்கொள்ளலாம்’ என்று ஏறினால், ஆளுக்கு 14,000 யென் போயிருக்கும்.

“எந்த ரயில்லயும் ஏறலாம்” என்றாரே, அந்த வரி இங்கேதான் உடைந்தது. நடைமேடையில் எங்கள் கண்முன் நொசோமிகள் அடுத்தடுத்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. மகன் எண்ணிக்கொண்டிருந்தான். நான்காவது போனதும், “நம்ம ரயில் வருமா வராதா?” என்றான்.

மச்சானும் அன்று எங்களோடு கியோட்டோ வருவதாக இருந்தார். பாஸ் இல்லாதவர், கைபேசியில் நொசோமி பதிவு செய்தார். எங்கள் ஹிகாரி கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து அவர் ரயில் கிளம்பியது. வழியில் ஒரு நிலையத்தில் எங்கள் ரயில் ஒதுங்கி நிற்க, வெள்ளைக் கோடு ஒன்று சன்னலை உலுக்கிவிட்டுப் போனது. கியோட்டோவில் நாங்கள் இறங்கும்போது அவர் நடைமேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “என்ன மாப்ள, வழியில டீ குடிச்சிட்டு வந்தீங்களா?”

டீ கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. தொக்கைதோ ஷின்கான்செனில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபர் இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். மனைவி கட்டி எடுத்து வந்த புளியோதரைதான் காப்பாற்றியது. ஷின்கான்செனில் சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் ஏறுகிறார்கள். இருக்கை விஷயத்தில் ஒன்று. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. ஃபூஜி மலை தெரிவது இரண்டு இருக்கைப் பக்கம். மூன்று பேரும் சேர்ந்து உட்காரலாம் என்று மூன்று இருக்கைப் பக்கம் போட்டால் தெரிவது கடல் பக்கம். டி, இ இரண்டையும் மகனுக்கும் மனைவிக்கும் போட்டுவிட்டு, நடைவழிக்கு இந்தப் பக்கம் சி-யில் நான் உட்கார்ந்தேன். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் மலை வந்தது. எனக்குத் தெரிந்தது மகனின் பின்னந்தலையும் அதற்கு மேல் கொஞ்சம் பனியும்.

கியோட்டோவில் ஆறாம் நாள் பாஸ் நன்றாக வேலை செய்தது. நாரா தடத்தில் இனாரி நிலையத்தில் இறங்கினால் எதிரே ஃபூஷிமி இனாரி ஆலய வாசல். அங்கிருந்து அதே தடத்தில் நாரா. ஏழாம் நாள் முழுக்கக் கோவில்கள், நகரப் பேருந்து. பாஸ் பையிலேயே தூங்கியது. ஏழில் ஒன்று வீண். இது தவிர்க்க முடியாததல்ல. நாங்கள் தூங்கப் போகும்வரை யாரும் அதை நினைக்கவில்லை.

எட்டாம் நாள் ஹிமேஜியில் இறங்கினோம். முதலில் திட்டத்தில் இல்லாதது. விடுதி வரவேற்பறையில் அந்த வெள்ளைக் கோட்டையின் படத்தைப் பார்த்து மகன் கேட்டான். ‘பாஸ்தானே இருக்கு’ என்றோம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர் சாலையின் முடிவில் கோட்டை நிற்கிறது. பையை நிலையப் பெட்டகத்தில் போட்டுவிட்டு நடந்தே போய்வந்தோம்.

வெளியேறும் வாயிலில்தான் அது நடந்தது. சாதாரண டிக்கெட்டை வெளியேறும் வாயில் விழுங்கிக்கொள்ளும். பாஸை விழுங்காது, மறுபக்கம் துப்பிவிடும், நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான்கு நாளாகச் சரியாக எடுத்துக்கொண்டிருந்த மகன், கோட்டை தெரிந்ததும் ஓடிவிட்டான். நூறு அடி தூரம் போன பிறகு பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். தொப்பி அணிந்த நிலைய ஊழியர், அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூச்சு வாங்க, குனிந்து மகனிடம் நீட்டினார். மகனும் பதிலுக்குக் குனிந்தான். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இது எங்கே முடியும் என்று தெரியாமல் நானும் குனிந்தேன். அன்று முதல் மூன்று பாஸும் மனைவியின் கைப்பையில்.

ஹிரோஷிமாவில் ஜேஆர் நடத்தும் சுற்றுப் பேருந்தில் பாஸ் செல்லும். நிலையத்திலிருந்து அமைதிப் பூங்காவுக்கு அதில் போனோம். மறுநாள் மியாஜிமா. படகுத்துறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிறுவனங்களின் படகு நிற்கும். ஜேஆர் படகுக்குத்தான் பாஸ். அதிலும் ஆளுக்கு 100 யென் பார்வையாளர் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் வந்த வரி. மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஹிரோஷிமா திரும்பும்போது ஒசாகாவுக்கு முன்பதிவு செய்திருந்த சகுரா என்ற ஷின்கான்சென் ரயில் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கவுன்ட்டரில் பாஸைக் காட்டியதும் அடுத்த சகுராவில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு யென் கூடக் கேட்கவில்லை. பாஸின் உண்மையான சுகம் இதுதான். நனைந்த காலுறையோடு, தூங்கி வழியும் பையனோடு, கணக்குப் பார்க்காமல் அடுத்த வண்டியில் ஏறி உட்கார முடிந்தது. சகுராவின் முன்பதிவுப் பெட்டியில் இருக்கைகள் பக்கத்துக்கு இரண்டுதான். அகலமாக, சோபா போல.

சரி, கணக்கு.

ஒரு பெரியவருக்கு, பாஸ் இல்லாமல் தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தால்: டோக்கியோ – கியோட்டோ சுமார் 13,850 யென். கியோட்டோ – ஹிரோஷிமா சுமார் 11,300. ஹிரோஷிமா – ஷின்-ஒசாகா சுமார் 10,400. ஷின்-ஒசாகா – டோக்கியோ சுமார் 14,400. கூட்டினால் 50,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பாஸின் விலையும் அதுவே. நாரா, மியாஜிமா, ஒசாகா உள்ளூர் ரயில் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 3,000. ஹிமேஜியில் இறங்கி ஏறியதற்குத் துண்டு டிக்கெட்டாக எடுத்தால் 2,000-க்கு மேல் கூடும். ஆக ஆளுக்கு ஐயாயிரம் யென் லாபம். ‘அப்பாடா, நஷ்டமில்லை’ என்று நானும் அங்கேயே கணக்கை மூடியிருப்பேன்.

மச்சான் மூடவிடவில்லை. “தனித்தனி டிக்கெட்டோட ஏன் ஒப்பிடுறீங்க? இங்க இருக்கிறவன் அப்படியா வாங்குவான்?” என்றார் தொலைபேசியில்.

ஜப்பானில் ஷின்கான்சென் கட்டணம் இரண்டு துண்டு: தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம், அதன் மேல் அதிவேகக் கட்டணம். டோக்கியோ – ஹிரோஷிமா 894.2 கி.மீ.; அடிப்படை 11,880 யென். ஒருவழித் தூரம் 600 கி.மீ.க்கு மேல் போனால், போக வரச் சேர்த்து வாங்குபவருக்கு அடிப்படையில் பத்து சதவீதம் தள்ளுபடி அப்போது இருந்தது. அந்தச் சீட்டு 12 நாள் செல்லும். வழியில் கியோட்டோ, ஹிமேஜி, ஒசாகா என்று இறங்கித் தங்கி மறுபடி ஏறலாம். அடிப்படை போக வர 21,380. அதிவேகக் கட்டணம் நான்கு துண்டுக்கும் சேர்த்து 20,000 சொச்சம். மொத்தம் 42,000-க்குள். உள்ளூர்ச் செலவும் ஹிமேஜிக் கூடுதலும் சேர்த்தாலும் 47,000 சொச்சம்தான். அதாவது பாஸை விடக் குறைவு. இன்னும் சில நூறு யென் போட்டால் நொசோமியே கிடைத்திருக்கும். (இந்தப் போக-வரத் தள்ளுபடியை 2026 மார்ச்சோடு நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே இந்த வழி எங்கள் பயணத்துக்கான கணக்கு, உங்கள் பயணத்துக்கானது அல்ல.)

எனக்கு அதைவிட வலித்தது மூன்றாவது வழி. மேற்கு ஜப்பானின் ஜேஆர் தனியாக ஒரு வட்டாரப் பாஸ் விற்கிறது: கன்சாய்–ஹிரோஷிமா, ஐந்து நாள், அப்போது 17,000 யென். கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிமேஜி, ஹிரோஷிமா, மியாஜிமா படகு எல்லாம் அதில் அடக்கம். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரை நொசோமியிலும் ஏறலாம். எங்கள் ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை அச்சில் வார்த்தாற்போல் பொருந்துகிறது. டோக்கியோவிலிருந்து வரவும் திரும்பவும் மட்டும் தனி டிக்கெட்: 13,850, 14,400. எல்லாம் கூட்டினால் 45,250. உள்ளூர்ப் பயணமும் ஹிமேஜியும் உள்ளே. ஆளுக்கு 4,750 யென் குறைவு. மகனுக்கு அதில் பாதி. குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட 12,000 யென், ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரைக்கும் மட்டும் அந்தப் பாஸில் ஷின்கான்சென் கிடையாது. சாதாரண விரைவு ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொன்னால் மனைவி முறைக்கிறாள். திரும்பும் விமானத்தை ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து போட்டிருந்தால் அந்த 14,400-உம் இல்லை. ஆனால் மச்சான் வீட்டில் கடைசி இரண்டு நாள் தங்கியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்படியானால் நாடு முழுவதற்குமான பாஸ் யாருக்கு? ஒரே வாரத்தில் இரண்டு முனைகளைத் தொடுபவர்களுக்கு. டோக்கியோவிலிருந்து க்யூஷூ தீவின் ஹகாதா போய்த் திரும்பினாலே 45,000 யென்னுக்கு மேல். ககோஷிமா வரை என்றால் பாஸ் விலையைத் தாராளமாகத் தாண்டும். தெற்கே ஹிரோஷிமா, வடக்கே அவோமோரி என்று ஏழு நாளுக்குள் திணிப்பவர்களுக்கும் லாபம்தான். அவர்கள் ஜப்பானைப் பெரும்பாலும் சன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகாவோடு நிற்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது; எங்களைப் போல் ஹிரோஷிமா வரை போகிறவர்கள் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறார்கள்.

பதினோராம் நாள் மாலை ஹிகாரியில் டோக்கியோ வந்து சேர்ந்தோம். பாஸின் கடைசி நாள். நான் மெட்ரோ பக்கம் நடக்கத் தொடங்கினேன். மகன் நகரவில்லை.

“அப்பா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் செல்லும்னு சொன்னீங்கல்ல?”

யாமனோத்தே தடம் டோக்கியோவைச் சுற்றி வரும் ஜேஆர் வட்டம். 34.5 கி.மீ., முப்பது நிலையம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பச்சைப் பட்டை போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். உவேனோ, இகேபுகுரோ, ஷின்ஜுகு, ஷிபுயா என்று அலுவலகம் விட்ட கூட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஷினாகவா வருவதற்குள் மனைவி தூங்கிவிட்டாள், கைப்பையை இறுகப் பிடித்தபடி. கிளம்பிய இடத்திலேயே இறங்கி, நிஷி-கசாய்க்கு மூன்று மெட்ரோ டிக்கெட் வாங்கினோம்.